பிகோரி கட்டணம்: ஜூலை 31-க்கு முன் எழும் கேள்விகள்

அமெரிக்காவில் ஊழியர்களுக்குக் குழு மருத்துவத் திட்டம் வைத்திருக்கும் நிறுவன உரிமையாளர்கள் சிலர், மத்திய அரசுக்கு ஆண்டுதோறும் ஜூலை 31-க்குள் சேர வேண்டிய பிகோரி கட்டணத்தைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். ஊழியர் நலத் திட்டக் கணக்குகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவன் என்ற முறையில் பதிலளிக்கிறேன்.

கேள்வி: ஐயா, இந்தக் கட்டணம் 2019-உடன் முடிந்துவிட்டது என்று எங்கள் பழைய கணக்காளர் சொன்னாரே?

அன்றைய சட்டப்படி அவர் சொன்னது சரிதான். ஒரே நோய்க்கு உள்ள சிகிச்சைகளில் எது நோயாளிக்குக் கூடுதல் பயன் தருகிறது என்று ஒப்பிட்டு ஆராய, 2010-ஆம் ஆண்டின் ஒபாமாகேர் சட்டம் ஒரு நிறுவனத்தை ஏற்படுத்தியது. அதன் பெயரின் முதலெழுத்துகளே பிகோரி. அதற்கான கட்டணத்தை 2019 டிசம்பரில் வந்த செலவின ஒதுக்கீட்டுச் சட்டம் பத்தாண்டு நீட்டித்துவிட்டதால், 2029 அக்டோபர் 1-க்கு முன் முடியும் திட்ட ஆண்டுகள் வரை கட்டியாக வேண்டும். ஒபாமாகேர் சட்டத்தின் கீழ் 2014 முதல் 2016 வரை இருந்த மறுகாப்பீட்டுக் கட்டணம்தான் உண்மையிலேயே முடிந்துபோனது. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

கேள்வி: நாங்கள் காப்பீட்டு நிறுவனத்திடம்தான் பாலிசி வாங்கியிருக்கிறோம். காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் ஊழியர்கள் கையிலிருந்து கட்டும் டிடக்டிபிள் செலவை ஈடுகட்ட, எச்.ஆர்.ஏ. என்ற மருத்துவச் செலவு ஈட்டுக் கணக்கு ஒன்றும் வைத்திருக்கிறோம். எங்களுக்கு ஏதும் பொறுப்பு உண்டா?

உண்டு. சிறு நிறுவனங்கள் மிகுதியாக வழுக்கி விழும் இடம் இதுவே. பாலிசிக்குரிய கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனமே கட்டிவிடும்; ஆனால் எச்.ஆர்.ஏ. உங்கள் பணத்தில் நடப்பதால், சட்டத்தின் கண்ணில் அது நீங்களே நடத்தும் தனி மருத்துவத் திட்டம். "எல்லாம் பிரீமியத்திலேயே அடக்கம்" என்று காப்பீட்டு முகவர் சொல்லியிருந்தால், அவர் பாலிசியை மட்டும் மனத்தில் வைத்துச் சொல்லியிருப்பார். ஓர் ஆறுதல்: எச்.ஆர்.ஏ.வுக்கு ஊழியரை மட்டும் எண்ணினால் போதும், மனைவி மக்களைச் சேர்க்க வேண்டியதில்லை. மருத்துவத் திட்டமும் உங்கள் சொந்த நிதியிலேயே நடந்து, இரண்டின் திட்ட ஆண்டும் ஒன்றாக இருந்தால், இரண்டையும் ஒரே திட்டமாகக் கொள்ளலாம்.

கேள்வி: சொந்த நிதித் திட்டத்தில் 120 ஊழியர்கள், அவர்களில் 50 பேருக்குக் குடும்பக் காப்பு. தலைகளை எப்படி எண்ணுவது?

ஒவ்வொரு நாளும் எண்ணிச் சராசரி பார்க்கலாம்; காலாண்டுக்கு ஒரு நாளைத் தேர்ந்து எண்ணலாம்; திட்டத்தைப் பற்றி ஆண்டுதோறும் அரசுக்கு அளிக்கும் 5500 படிவத்தில் உள்ள எண்ணிக்கையையும் எடுத்துக்கொள்ளலாம். காலாண்டு முறையில் குடும்பக் காப்புக்குத் தலா 2.35 என்று கணக்கிட விதி இடமளிக்கிறது. ஆண்டு முழுதும் எண்ணிக்கை மாறவில்லை என்று கொண்டால், 70 தனியர்களோடு 50-இன் 2.35 மடங்கான 117.5-ஐக் கூட்ட 187.5 வரும். 2024 டிசம்பரில் முடிந்த திட்ட ஆண்டுக்குத் தலைக்கு 3.47 டாலர், ஆக 650.63 டாலர். 5500 முறையிலோ ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த 120 ஊழியர்களையும் இறுதியில் இருந்த 120 பேரையும் கூட்டி 240 தலைகள், 832.80 டாலர். அதிலும் 5500 படிவத்தை ஜூலை 31-க்குள் தாக்கல் செய்திருந்தால்தான் அம்முறை செல்லும். ஓர் ஆண்டுக்குள் முறையை மாற்றக் கூடாது. அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: வேலையை விட்டுப் போன பின்னும் கோப்ரா சட்டப்படி எங்கள் திட்டக் காப்பில் தொடர்பவர்கள்? தனிப் பல் காப்பீடு?

கோப்ராவில் இருப்பவரையும் ஓய்வுபெற்றவரையும் எண்ண வேண்டும். தனித்து நிற்கும் பல், கண் காப்பீடுகளுக்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: திட்டத்தை நிர்வகிக்கும் நிறுவனமே எங்களுக்காகக் கட்டிவிடலாமா?

கூடாது. எண்ணிக்கையைத் தயாரித்துத் தருவதோடு அவர்கள் வேலை முடிந்தது. மத்திய வரித்துறையின் 720 படிவத்தில் இரண்டாம் காலாண்டைக் குறித்து, 133-ஆம் வரியை நிரப்பித் தாக்கல் செய்து பணம் கட்ட வேண்டியவர் நீங்களே. அந்தப் பணத்தை ஊழியர் பங்களிப்பு சேர்ந்துள்ள திட்ட நிதியிலிருந்து எடுக்காதீர்கள். கட்டணம் முதலாளி மீது விதிக்கப்பட்டது என்பதே தொழிலாளர் துறையின் நிலைப்பாடு. அதை வணிகச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம்.

கேள்வி: இரண்டு ஆண்டுகளாகக் கட்டவே இல்லை. இப்போது என்ன செய்வது?

விடுபட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் தனித்தனி 720 படிவத்தை, அந்தந்த ஆண்டின் விகிதத்தில் நிரப்பித் தாக்கல் செய்யுங்கள். 720-எக்ஸ் படிவம் முன்பு தாக்கல் செய்ததைத் திருத்துவதற்கு. உங்களுக்கு அது பொருந்தாது. தாமதத் தாக்கலுக்கு மாதம் 5 விழுக்காடு வீதம் 25 விழுக்காடு வரை அபராதம் ஏறலாம், வட்டி தனி. நியாயமான காரணம் இருந்தால் அபராதத்தைத் தள்ளுபடி செய்யக் கோரலாம் என்பதால், விடுபட்டது எப்படி என்று விளக்கும் கடிதத்தையும் உடன் தயாராக வைத்திருங்கள்.