மதுரைக் கோட்டையும் வேற்றுக்கோள் முற்றுகையும்

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் மூவர் சேர்ந்து கணினி விளையாட்டு ஒன்றை உருவாக்கி வருகிறோம். யூசுப்கான் என்கிற மருதநாயகம் 1763–64இல் மதுரைக் கோட்டைக்குள் இருந்து தாக்குப்பிடித்த முற்றுகையை, வேற்றுக்கோளில் உள்ள ஒரு குடியிருப்பின் முற்றுகையாக அமைக்க நினைக்கிறோம். உண்மையில் நடந்த போரை இப்படி எடுத்தாள்வது சரியா? எதை எடுக்கலாம், எதை விடலாம்?

க., செல்லூர்

அன்புள்ள க.,

தாராளமாக எடுத்தாளலாம். செவ்வாய்வாசிகளின் படையெடுப்பைச் சொல்லும் தம் நாவலின் முதல் அத்தியாயத்திலேயே ஹெச். ஜி. வெல்ஸ், ஐரோப்பியக் குடியேறிகளால் டாஸ்மானியப் பழங்குடிகள் அழிக்கப்பட்டதை நினைவூட்டி, செவ்வாய்வாசிகளைக் குறைசொல்ல நமக்கு என்ன தகுதி என்று கேட்டுவிடுகிறார். அந்நாவல் நூலாக வந்தது 1898இல்.

பீரங்கியையும் மதிலையும் லேசர் துப்பாக்கியாகவும் கண்ணாடிக் கூரையாகவும் மாற்றுவது எளிது. உங்கள் உழைப்பு அதில் கரைந்துவிடக் கூடாது என்பதே என் கவலை. 1764 ஜூனில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியின் படை நடத்திய நேரடித் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. அதன் பிறகு அவர்கள் கோட்டைக்குள் உணவு போகும் வழிகளை அடைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அக்டோபரில் யூசுப்கானை அவருடன் இருந்தவர்களே பிடித்துக் கொடுத்தார்கள்; 15ஆம் தேதி அவர் தூக்கிலிடப்பட்டார். எதிரியின் குண்டுகளால் முடியாததைப் பசியும், பசியால் வளர்ந்த அவநம்பிக்கையும் செய்து முடித்தன. ஆகவே பிராணவாயுவும் உணவும் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் உங்கள் திரை, உள்ளே இருப்பவர்களில் யார் யாரை இன்னும் நம்புகிறார்கள் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். 1992 முதல் 1996 வரை நீடித்த சராயேவோ முற்றுகையை முன்மாதிரியாகக் கொண்டு போலந்துக்காரர்கள் 2014இல் வெளியிட்ட ‘திஸ் வார் ஆஃப் மைன்’ விளையாட்டை ஆடிப் பாருங்கள். அதில் நாம் படைவீரர் அல்லர். பகலில் ஒளிந்திருந்து சுடுபவர்களுக்கு அஞ்சி வீட்டுக்குள் அடைந்துகிடந்து, இரவில் உணவும் மருந்தும் தேடிப் போகும் சாதாரண மக்கள்.

யூசுப்கானைக் குறையற்ற நாயகனாக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். கும்பினியை எதிர்ப்பதற்கு முன் அதே கும்பினியின் தளபதியாகப் பூலித்தேவர் முதலிய பாளையக்காரர்களோடு போரிட்டவர் அவர். அவர் படையால் ஊரை இழந்த ஒருவர், இப்போது அவருடைய மதிலுக்குள்ளேயே அடைக்கலம் புகுந்திருப்பதாக ஒரு பாத்திரத்தை வையுங்கள். அந்தப் பாத்திரம் எடுக்கும் முடிவுகளில்தான் ஆடுபவரின் கை நடுங்கும்.

கோட்டை மதிலை 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடிக்கச் செய்து, அகழியைத் தூர்த்தார். இன்றைய வெளி வீதிகள் அந்த இடத்தில் உருவானவைதாம். பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகில் மட்டும் பழைய கோட்டையின் ஒரு துண்டு நிற்கிறது. ஒரு விடியற்காலையில் அங்கிருந்து புறப்பட்டு, நான்கு வெளி வீதிகளையும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து வாருங்கள். மேற்கு மதிலில் உடைப்பு என்ற செய்தி கிழக்கு மதிலுக்கு ஓடிவந்து சேர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது தெரிந்துவிடும். உங்கள் விளையாட்டின் காலக்கணக்கை அதிலிருந்து தொடங்குங்கள்.