நெல்லையிலிருந்து முதல் ராஃப்டிங்: கேள்வி பதில்

எனக்குக் கல்லிடைக்குறிச்சி. பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் ஆபீஸ் நண்பர்களோடு ராஃப்டிங், அதாவது காற்றடைத்த ரப்பர் படகில் துடுப்புப் போட்டு முரட்டு ஆற்றில் இறங்குவது, போய்ப் பழகினேன். ஊருக்குத் திரும்பிய பிறகும் வருஷம் ஒரு தடவை சொந்தக்காரப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். நான் கைடு கிடையாது, பல தடவை படகிலிருந்து விழுந்து எழுந்தவன் மட்டும்தான். குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்ததுமே இதைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கேட்டதும் நான் சொன்னதும் கீழே.

அண்ணாச்சி, அவ்வளவு தூரம் எதுக்கு? பாபநாசத்தில லாரி டியூப்பைப் போட்டு ஏறினா அம்பாசமுத்திரம் வரைக்கும் மிதந்து வந்திரலாமே? (பாளையங்கோட்டை, கல்லூரி மாணவர்)

தம்பி, இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பாபநாசத்துக்கு மேலே போனால் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். அங்கே அனுமதியில்லாமல் ஆற்றில் இறங்கவே முடியாது. கீழே வந்தால் அணைக்கட்டுகள். கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணியின் குறுக்கே எட்டு இருக்கின்றன. வயலுக்குத் தண்ணீர் திருப்பக் கட்டியவை. நாம் சோறு தின்பது அவற்றால்தான். ஆனால் மிதந்து வருகிறவனுக்கு அவைதான் எமன்.

காரணம் இதுதான். சுவரைத் தாண்டி விழுகிற தண்ணீர் நேராக அடிமட்டத்துக்குப் போய், கொஞ்சம் தள்ளி மேலே கிளம்பும். கிளம்பியதில் ஒரு பங்கு திரும்பவும் சுவரை நோக்கியே ஓடும். அதற்குள் மாட்டினால் ஆளாக இருந்தாலும் மரக்கட்டையாக இருந்தாலும் அதே இடத்தில் உருண்டுகொண்டே இருக்க வேண்டியதுதான். அங்கே தண்ணீர் நுரையும் காற்றுமாக இருப்பதால் மிதக்க வைக்கும் சக்தியும் குறைவு. மேலேயிருந்து வருகிறவன் கண்ணுக்கு ஒரு நேர்க்கோடு மட்டும் தெரியும், அதற்கு அப்புறம் என்ன இருக்கிறது என்று தெரியாது. பாறைமேல் விழும் அருவி பயங்கரமாகச் சத்தம் போட்டு எச்சரிக்கும். தடுப்பணை அப்படி எச்சரிக்காது. டியூப்பை லாரிக்கே விட்டுவிடு.

அப்போ எங்கே போகலாம்? எந்த மாசம்? (சங்கரன்கோவில்)

முதல்முறை என்றால் நான் சொல்வது குடகு, துபாரே பக்கம் காவிரி. ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை நல்ல காலம். நமக்குக் குற்றாலத்தில் சாரல் கொடுக்கிற அதே தென்மேற்குப் பருவமழைதான் அங்கேயும் ஆற்றை நிரப்புகிறது. அதனால் ஐந்தருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று கேள்விப்பட்டதும் டிக்கெட் போடலாம். அதே குடகின் தெற்கில் பாராபோல் ஆறு இருக்கிறது. அது இன்னும் முரட்டு ஆறு, இரண்டாவது மூன்றாவது தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சாரல் காலத்தில் லீவு கிடைக்காதவர்களுக்கு வட கர்நாடகத்தில் இருக்கிற தண்டேலி. காளி ஆற்றில், சூபா அணைக்குக் கீழே கணேஷ்குடியில் படகு இறக்குவார்கள். மின்சாரம் எடுக்க அணையிலிருந்து விடுகிற தண்ணீரில்தான் சவாரி என்பதால் மழைக்காலம் முடிந்த பிறகும் ஓடும். ஆனால் அன்றைக்குத் தண்ணீர் விடுவார்களா, எத்தனை மணிக்கு என்பதைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்று காலையில் பேப்பரைப் பிரித்ததும் நீர்மட்டம் பார்க்கிற ஊர் நம்முடையது, இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா? (கோவில்பட்டி)

தண்ணீரில் ஒரு நாள், கையில் மூன்று நாள் லீவு. உங்களுக்கு வசதி அதிகம்: தூத்துக்குடி–மைசூர் எக்ஸ்பிரஸ் உங்கள் ஊரிலேயே நிற்கும். நெல்லைக்காரர்கள் மணியாச்சிக்குப் போய் ஏற வேண்டும். சாயங்காலம் ஏறினால் மறுநாள் காலை மைசூர். அங்கிருந்து குஷால்நகர் பஸ். இறங்கியதும் ஆற்றுக்கு ஓடாதீர்கள். ராத்திரி நன்றாகத் தூங்கி, மறுநாள் காலை முதல் படகில் ஏறுங்கள். ரயில் அலுப்போடு மதியக் கடைசிப் படகில் ஏறியவர்கள்தான் துடுப்பைப் பிடித்துக்கொண்டு தூங்கி விழுவார்கள். பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்கிறார்களே, அப்படியென்றால்? (வள்ளியூர்)

ஆற்றின் முரட்டுத்தனத்துக்கு 1 முதல் 6 வரை மார்க். 1 என்றால் சலசலப்பு. 2 சின்ன அலை, வழி நன்றாகத் தெரியும். 3-இல் படகு தூக்கிப் போடும், துடுப்புப் போட்டே ஆக வேண்டும். 4 பழகியவர்களுக்கு. 6 உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. முதல்முறைக்கு இரண்டு, அங்கங்கே மூன்று போதும். ஒரே இடம் தண்ணீர் ஏறினால் தரம் மாறிவிடும் என்பதையும் ஞாபகம் வையுங்கள். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது நம்மைத் தள்ளுகிற விசை நான்கு மடங்காகும்.

எனக்கு நீச்சலே தெரியாது. வரலாமா அண்ணாச்சி? (தென்காசி, பள்ளி ஆசிரியை)

தாராளமாக வாங்க டீச்சர். மிதக்க வைப்பது லைஃப் ஜாக்கெட்டின் வேலை. அது உடம்போடு ஒட்டியிருக்கிறதா என்பது மட்டும் உங்கள் வேலை. எல்லா பக்கிளையும் இறுக்கிய பிறகு, பக்கத்தில் நிற்பவரை உங்கள் தோள்பட்டை வாரைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது உங்களுக்குப் பெரிது. வெட்கப்படாமல் மாற்றிக் கேளுங்கள். கிளம்புவதற்கு முன் நம்மூர்ப் படித்துறையில் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சை வெளியே விட்டுப் பழகினால் பாதிப் பயம் போய்விடும்.

எங்களுக்கு அந்தக் கவலையே இல்ல. கசத்தில குதிச்சு வளர்ந்தவங்க நாங்க! (சேரன்மகாதேவி)

நானும் இப்படித்தான் பேசினேன் அய்யா. காளியில் இரண்டாவது அலையிலேயே தூக்கி வெளியே வீசியது. கல்லிடைக்குறிச்சி ஆற்றில் அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வந்த தைரியத்தில் கைவீசி நீந்தப் பார்த்தேன். முழங்காலில் பாறை இடித்தது, வயிறு நிறையத் தண்ணீர். கரை பக்கத்தில் தெரிந்ததும் எழுந்து நிற்கப் போனேன். 'நிக்காதே, நிக்காதே' என்று கைடு போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

நிற்கக் கூடாது என்பதுதான் முதல் பாடம். ஓடுகிற தண்ணீரில் கால் ஊன்றினால் பாதம் இரண்டு பாறைக்கு இடையில் செருகிக்கொள்ளும். பின்னாலிருந்து வரும் ஓட்டம் ஆளை முன்னால் சாய்த்து அமுக்கிவிடும். முழங்கால் ஆழமே அதற்குப் போதும். மல்லாந்து படுங்கள், கால் ஓட்டத்தின் திசையில், பாதம் தண்ணீருக்கு மேலே தெரியட்டும். பாறை வந்தால் காலால் உதைத்துக்கொள்ளலாம். மீட்புக் கயிற்றை ஒரு பையில் வைத்து வீசுவார்கள். பையைப் பிடிக்காதீர்கள், கயிற்றைப் பிடியுங்கள். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி மல்லாந்தே கிடந்தால் கரைக்கு இழுத்துவிடுவார்கள். கையில் சுற்ற மட்டும் கூடாது.

ஒரே ஒரு விதிவிலக்கு: ஓட்டத்தின் குறுக்கே விழுந்து கிடக்கும் மரம். தண்ணீர் கிளைகளுக்குள் புகுந்து போகும், ஆள் போக முடியாது. விலக வழியில்லை என்றால் குப்புறத் திரும்பி அதை நோக்கியே வேகமாக நீந்தி, மேலே ஏறிவிட வேண்டும்.

என்ன உடுத்துவது? கண்ணாடி, போன்? (அம்பாசமுத்திரம்)

ஜீன்ஸ், துப்பட்டா, வேட்டி வேண்டாம். நனைந்தால் கனக்கும், சிக்கும். நைலான் மாதிரி சீக்கிரம் காய்கிற துணி போடுங்கள். கட்டுகிற ஷூ போடுங்கள், செருப்பு முதல் அலையிலேயே காவிரிக்குக் காணிக்கை. கண்ணாடிக்குப் பின்பக்கம் கயிறு. போன் ரூமில் இருக்கட்டும்.

ஒன்பது வயசுப் பையன், 62 வயசு அம்மா. கூட்டிட்டுப் போகலாமா? (நாங்குநேரி)

பையன் இப்போது வேண்டாம். பல இடங்களில் 14 வயதுக்குக் கீழே ஏற்றுவதில்லை, அது நல்ல விதிதான். அம்மாவுக்கு இதய நோய், வலிப்பு, முதுகுத்தண்டுப் பிரச்சினை, சமீபத்தில் ஆபரேஷன் என்று எதுவும் இல்லாமல், அவருக்கே ஆசையும் இருந்தால், டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இலேசான பகுதியில் போகலாம். கர்ப்பிணிகள் கண்டிப்பாக வேண்டாம்.

யாரிடம் புக் செய்வது என்று எப்படி முடிவு செய்வது? (ஆலங்குளம்)

விலையைக் கடைசியில் கேளுங்கள். முதலில்: உரிமம் இருக்கிறதா? ஒரு படகில் எத்தனை பேர்? ஆறு முதல் எட்டுப் பேரும் ஒரு கைடும் சரி. கூடவே பாதுகாப்புக்குக் கயாக் (ஓர் ஆள் ஓட்டுகிற சின்னப் படகு) வருமா? ஹெல்மெட் எல்லோருக்கும் உண்டா? கிளம்புமுன் கரையில் பயிற்சி கொடுப்பார்களா? ஒரு தடவை ஓர் இடத்தில் பக்கிள் உடைந்த ஜாக்கெட்டுக்குச் சணல் கயிறு கட்டிக் கொடுத்தார்கள். முன்பணம் போனாலும் போகட்டும் என்று பதினோரு பேரையும் இறக்கிக் கூட்டி வந்துவிட்டேன். பிள்ளைகள் ஊர் வந்து சேரும்வரை என்னோடு பேசவில்லை.

துடுப்புப் போடத் தெரியாதே? (கடையம்)

கரையில் பத்து நிமிஷத்தில் வந்துவிடும். 'டி' மாதிரி இருக்கிற மேல் கைப்பிடியை மட்டும் எப்போதும் கையால் மூடியே பிடியுங்கள். பல் உடைவது பெரும்பாலும் பாறையால் இல்லை, பக்கத்தில் இருப்பவரின் துடுப்பால்தான்.

போன அன்றைக்கு வெள்ளம் என்று நிறுத்திவிட்டால் பணம்? (பேட்டை)

திருப்பித் தருவார்களா, வேறு தேதி தருவார்களா என்று புக் செய்யும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். அவர்கள் நிறுத்தாவிட்டாலும், ஆறு செங்காவி நிறத்தில் கிளைகளை இழுத்துக்கொண்டு ஓடினால் நீங்களே ஏறாதீர்கள். குறுக்குத்துறை முருகன் கோயில் வெள்ளத்தில் மூழ்கி நிற்கிற நாளில் நாம் ஆற்றில் குளிக்கப் போவோமா? அன்றைக்குப் பைலகுப்பே திபெத்தியர் பொற்கோயிலைப் போய்ப் பாருங்கள், குஷால்நகருக்குப் பக்கத்தில்தான். அங்கே மோமோ நன்றாக இருக்கும், காரச் சட்னி கேட்டு வாங்குங்கள்.