பூத்துக் குலுங்கும் செர்ரி ஏன் காய்ப்பதில்லை?

கேள்வி: வீட்டுத் தோட்டத்தில் பிங் ரக இனிப்புச் செர்ரி வைத்து 7 வருடம் ஆகிறது. கிளையே தெரியாமல் பூக்கிறது. ஆனால் பிஞ்சு பட்டாணி அளவு வந்ததும் மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. ஜோடி மரம் வேண்டும் என்றார்களே என்று பக்கத்தில் லாம்பர்ட் ரகமும் வைத்தேன். அதுவும் பூக்கிறது, காய்ப்பதில்லை. யூரியாவைக் கூட்டலாமா?

பதில்: யூரியா வேண்டாம். தழைச்சத்து கூடினால் இலையும் நெடுங்கொம்பும்தான் வரும்.

உதிர்ந்த பிஞ்சு ஒன்றைப் பிளந்து பாருங்கள். உள்ளே பருப்பு திரளாமல் சுருங்கிக் கிடந்தால் மகரந்தம் கூடவில்லை என்று அர்த்தம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

பிங் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. அதனால் ஜோடி வைத்தது சரி, ஜோடிதான் தப்பு. பிங், லாம்பர்ட், நெப்போலியன் மூன்றும் மகரந்தப் பொருத்தத்தில் பங்காளிகள். ஒன்றின் மகரந்தம் இன்னொன்றின் பூவில் விழுந்தாலும் முளைத்துப் பாதி வழியில் நின்றுவிடும். இப்படி மூன்றையும் வைத்தால்கூடக் காய்க்காது. நாற்று விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

ஸ்டெல்லா அல்லது வான் ரகம் வையுங்கள். ஸ்டெல்லா தனியாகவே காய்க்கும், பிங்குக்கும் மகரந்தம் தரும். புளிப்புச் செர்ரி தாமதமாகப் பூப்பதால் அதை நம்ப வேண்டாம்.

இடமில்லையா? லாம்பர்ட் மரத்திலேயே ஸ்டெல்லாவை ஒட்டுக் கட்டலாம். மரம் உறங்கும் குளிர்காலத்தில் பென்சில் தடிமனுள்ள, ஒரு வருடக் குச்சிகளை வெட்டி, ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். பக்கத்தில் பழங்கள் இருக்கக் கூடாது. மொட்டு உப்பத் தொடங்கும்போது ஒட்டுங்கள். பூக்க 2, 3 வருடம் பிடிக்கும்.

அதுவரை ஒரு கைவைத்தியம்: பொருத்தமான ரகம் வைத்திருப்பவரிடம் பூத்த கிளைகள் சில வாங்கி, வாளித் தண்ணீரில் நிறுத்தி, உங்கள் மரத்தடியில் வையுங்கள். மீதியைத் தேனீ பார்த்துக்கொள்ளும். மழையிலும் 13 டிகிரிக்குக் கீழான குளிரிலும் தேனீ அதிகம் பறக்காது. அந்த வருடம் காய் குறைந்தால் மரத்தைக் குறை சொல்லாதீர்கள். பூ இருக்கும்வரை பூச்சிமருந்தைத் தொடவே வேண்டாம்.

அப்புறம், கவாத்தை அறுவடை முடிந்த பின், மழையில்லாத நாளில் செய்யுங்கள். ஈரத்தில் வெட்டினால் காயம் வழியே சொறிநோய் ஏறும். ஒட்டிய கிளையில் மட்டும் சிவப்புத் துணி கட்டி வையுங்கள். அடையாளம் தெரியாமல் அதையே வெட்டிப் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.