ஒற்றை ஒயரும் பாடக்குறிப்பும்

அன்புள்ள ஐயா,

நான் பி.எட். முதலாம் ஆண்டு மாணவி. முதன்மைப் பாடம் இயற்பியல். பாடமையக் கலைத்திட்டம், குழந்தை மையக் கலைத்திட்டம், அனுபவ மையக் கலைத்திட்டம், சுருள் கலைத்திட்டம், மறைமுகக் கலைத்திட்டம் என்று, எதை எப்படிக் கற்பிப்பது என்ற முழுத் திட்டமான கலைத்திட்டத்தின் பத்துப் பன்னிரண்டு வகைகளைப் படித்து, நிறைகுறைகளோடு தேர்வில் எழுதியும் விட்டேன். அடுத்த மாதம் கற்பித்தல் பயிற்சிக்காக ஒரு பள்ளிக்குச் செல்ல வேண்டும். அதற்காகப் பாடக்குறிப்பு எழுத உட்கார்ந்தால், படித்த வகைகளில் ஒன்றுகூட அந்தத் தாளில் எங்கும் தென்படவில்லை. சென்ற ஆண்டு மாணவர்களின் பாடக்குறிப்பு ரெக்கார்டைப் பார்த்து எழுதினால் போதும் என்கிறார்கள் தோழிகள். இரண்டுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? மாதிரிப் பாடம் நடத்தியபோது 45 நிமிடத்துக்கு எழுதிய குறிப்பில் பாதியைக்கூட முடிக்க முடியவில்லை என்பது இன்னொரு கவலை. என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள மாணவ ஆசிரியருக்கு,

தொடர்பு உண்டு. அது தென்படாமல் போவதற்கு நீங்கள் மட்டும் காரணமில்லை. வகைகளை அடுக்கித் தரும் முறையும் ஒரு காரணம். நீங்கள் எழுதியிருக்கும் பட்டியலில் மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள் ஒரே வரிசையில் நிற்கின்றன. பாடம், குழந்தை, அனுபவம் என்பவை மையத்தில் எதை வைப்பது என்ற கேள்விக்கான விடைகள். காந்தியடிகள் முன்வைத்து, 1937ஆம் ஆண்டு வார்தா மாநாட்டில் உருப்பெற்ற ஆதாரக் கல்வி அதே கேள்விக்குக் கைத்தொழில் என்று விடை சொன்னது. சுருள் கலைத்திட்டமோ, ஒரு கருத்தை ஆண்டுகளின் ஊடாக எப்படி வளர்ப்பது என்ற கேள்விக்கு அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960இல் சொன்ன விடை. ஆறாம் வகுப்பில் எளிய மின்சுற்றாக வருவது பத்தாம் வகுப்பில் ஓம் விதியோடு திரும்ப வருவது அந்த வழியில்தான். மறைமுகக் கலைத்திட்டம் இவ்விரண்டிலும் சேராது. எழுதி வைத்தது, நடத்தியது, குழந்தை பெற்றுக்கொண்டது ஆகிய மூன்றும் ஒன்றுதானா என்று கேட்கும்போது வெளிப்படுவது அது. மூன்று கேள்விகளையும் பிரித்து வைத்துக்கொண்டால், ஒரு பாடவேளையில் ஒரே ஒரு வகைதான் இருக்க வேண்டும் என்ற மயக்கம் போய்விடும்.

(சொல்லும் நம்மைக் குழப்புகிறது. செய்தித்தாள் ‘பாடத்திட்டம் மாற்றம்’ என்று எழுதும்போது சில சமயம் கலைத்திட்டத்தையும், சில சமயம் பாடநூலையும் குறிக்கிறது. பயிற்சிக் கல்லூரியில் அதே சொல் ஒரு பாடவேளைக்கான திட்டத்தையும் குறிக்கிறது. நான் இங்கே ஒரு பாடவேளைக்கானதைப் பாடக்குறிப்பு என்றே சொல்லுகிறேன்.)

நான் பயிற்சிக்குச் சென்றது 1980களின் நடுவில். ஊரையும் பள்ளியையும் விட்டுவிடுகிறேன். மின்சுற்றுப் பாடத்துக்கு மிகுந்த கவனத்தோடு குறிப்பு எழுதியிருந்தேன். ஒரு பக்கம் ஆசிரியர் வினா, எதிர்ப்பக்கம் எதிர்பார்க்கப்படும் விடை. ‘பல்பு எரிய எத்தனை கம்பிகள் தேவை?’ என்பது வினா. ‘இரண்டு’ என்பது விடை. மூன்றாம் வரிசையில் இருந்த பையன் எழுந்து, “ஒண்ணு போதும் சார்” என்றான். “தவறு, உட்கார்” என்றேன். அடுத்தவன் இரண்டு என்றான், பாராட்டினேன். பின்பெஞ்சில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்த வழிகாட்டி ஆசிரியர், வினாக்கள் தெளிவாக உள்ளன என்று குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திட்டார்.

அந்தப் பையனின் அப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இரண்டு நாள் கழித்துப் பஞ்சர் ஒட்டப் போனபோது, அங்கே நின்ற ஒரு சைக்கிளின் டைனமோவைப் பார்த்தேன். அதிலிருந்து முன்விளக்குக்கு ஒரே ஒரு ஒயர்தான் போகிறது. மின்னோட்டம் திரும்பி வரும் வழியாக இருப்பது சைக்கிளின் இரும்புச் சட்டகம். சுற்று மூடித்தான் இருக்கிறது. ஆனால் அதன் ஒரு பாதி கம்பி என்ற பெயரில் இல்லை. பையன் கண்டதைத்தான் சொல்லியிருக்கிறான். அவனுடைய ‘தவறான’ விடை என் ‘சரியான’ விடையைவிட வகுப்புக்கு அதிகம் பயன்பட்டிருக்கும்.

இப்போது உங்கள் வகைகளை இந்தப் பத்து வினாடிகளின் மேல் வைத்துப் பாருங்கள். என் குறிப்பு பாடமையமானது. வரையறையில் தொடங்கிப் படத்தில் முடிந்தது. அனுபவ மையமாக எழுதியிருந்தால் அந்த டைனமோதான் முதல் வரியாக வந்திருக்கும். அந்தப் பாடத்தில் பட்டறையும் கடையும் எங்குமே பேசப்படாமல் விடப்பட்டிருந்தன. இப்படிச் சொல்லாமல் விடப்படுவதும் கற்பிக்கிறது என்பதை அமெரிக்கக் கல்வியாளர் எலியட் ஐஸ்னர் 1979இல் விடுபட்ட கலைத்திட்டம் என்ற கருத்தாக விளக்கினார். அன்றைக்கு அவன் மின்சுற்றைக் கற்றானோ இல்லையோ, அப்பாவின் கடையில் கண்டதைப் பள்ளியில் வாய்திறந்து சொல்லக்கூடாது என்பதைக் கற்றிருப்பான். அதை நான் எந்தத் தாளிலும் எழுதவில்லை. இன்னொரு அமெரிக்கக் கல்வியாளரான பிலிப் ஜாக்சன் 1968இல் மறைமுகக் கலைத்திட்டம் என்று பெயரிட்டுக் காட்டியது இத்தகைய கற்றலைத்தான். தேர்வில் நான்கு வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோகும் அந்த வகை, பாடக்குறிப்பில் ‘எதிர்பார்க்கப்படும் விடை’ என்ற கட்டத்தில்தான் குடியிருக்கிறது.

ஆகவே, எந்தப் படிவத்தில் எழுதுகிறீர்கள் என்பதே ஒரு கலைத்திட்ட முடிவு. ஜெர்மானியத் தத்துவ அறிஞர் ஹெர்பார்ட்டின் பெயரில் வழங்கும் ஐந்து படிகள் (ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடல், பொதுமையாக்கல், செயற்படுத்தல்) அவருடைய மாணவர் வழியினரால் ஐந்தாக்கப்பட்டவை. அந்த வரிசையில் அறிவு ஆசிரியரிடமிருந்து புறப்படுகிறது. குழந்தையின் கைக்கு வேலை வருவது கடைசியில். 1980களின் இறுதியில் அமெரிக்காவில் அறிவியல் பாடங்களுக்காக ரோஜர் பைபியும் குழுவினரும் உருவாக்கிய ஐந்து கட்ட முறையில் ஆராய்தல் முன்னாலும் விளக்குதல் பின்னாலும் வருகின்றன. இரண்டிலும் ஐந்து கட்டங்களே. ஆனால் கட்டங்களின் வரிசை மாறும்போது வகுப்பில் யார் முதலில் பேசுகிறார் என்பது மாறிவிடுகிறது. நம் பள்ளிகளில் புழங்கும் படிவத்தில் அறிமுகம், படித்தல், மனவரைபடம், தொகுத்தல் என்று போகிறோம். வரலாற்றுப் பாடத்துக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. மின்சுற்றுக்கு அப்படியே வைத்தால், பக்கத்தைப் படித்து முடிக்கும் வரை மின்கலம் மேசையிலேயே கிடக்கும். படிவத்தை மாற்ற உங்களுக்கு உரிமை இருக்காது. ஆனால் அறிமுகம் என்ற கட்டத்துக்குள்ளேயே செயல்பாட்டைக் கொண்டுவந்துவிடலாம். அதை எந்த வழிகாட்டி ஆசிரியரும் மறுக்கமாட்டார்.

2007-08இல் தமிழ்நாடு முழுவதற்கும் விரிந்த செயல்வழிக் கற்றலில் தொடக்க வகுப்புகளுக்குக் கற்றல் படிகளைக் காட்டும் ஏணியும் செயல்பாட்டு அட்டைகளும் வந்தபோது இது இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. ஒவ்வொரு குழந்தையும் ஏணியின் வேறு வேறு படியில் நிற்கும்போது, வகுப்பு முழுவதற்குமான ஒற்றைப் பாடக்குறிப்புக்குப் பொருளில்லை. யார் எங்கே நிற்கிறார் என்பதே குறிப்பாகிவிடுகிறது.

உங்கள் நேரக் கவலைக்கு வருகிறேன். 45 நிமிடத்தில் பாதிகூட முடியாததற்குக் காரணம் வேகக்குறைவு அன்று. நோக்கம் அகலமாக இருப்பது. ‘மாணவர்கள் மின்சுற்றைப் பற்றி அறிந்துகொள்வர்’ என்று எழுதினால் எங்கே நிறுத்துவது என்று உங்களுக்கே தெரியாது. கற்றல் நோக்கங்களைப் படிநிலைகளாகப் பிரித்த அமெரிக்கக் கல்வி உளவியலாளர் புளூமின் 1956 வகைப்பாட்டையும் அதன் 2001 திருத்தத்தையும் வினைச்சொல் பட்டியலாக மனப்பாடம் செய்கிறோம். அதன் உண்மையான பயன், கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய ஒரு செயலை எழுத நம்மைத் தூண்டுவது. ‘ஒரு மின்கலம், ஒரு டார்ச் பல்பு, ஒரே ஒரு கம்பி ஆகியவற்றைக் கொண்டு மாணவர் பல்பை எரியவைப்பார், மின்னோட்டம் செல்லும் பாதையை விரலால் தொடர்ந்து காட்டுவார்’ என்று எழுதிப் பாருங்கள். பல்பின் அடிமுனையை மின்கலத்தின் நேர்முனைமேல் நிறுத்தி, எதிர்முனையிலிருந்து வரும் கம்பியைப் பல்பின் உலோகப் பக்கத்தில் தொட்டால் எரியும். பெரும்பாலான பிள்ளைகள் முதலில் கம்பியை அடிமுனைக்கு மட்டும் கொண்டுபோவார்கள். மின்சாரம் குழாய்த் தண்ணீர்போல ஒரு வழியாக வந்து பல்பில் தீர்ந்துவிடும் என்பது உலகெங்கும் பிள்ளைகளிடம் காணப்படும் எண்ணம். பல்புக்கு இரண்டு தொடுமுனைகள் உண்டு என்பதை அவர்களே கண்டுபிடிக்கப் பதினைந்து நிமிடம் ஆகும். அந்தப் பதினைந்து நிமிடத்தைக் குறிப்பில் முதலில் ஒதுக்குங்கள். பிறகு, மதிப்பீட்டுக்கான கடைசி ஐந்து நிமிடத்தை எழுதுங்கள். வருகைப்பதிவும் அமைதியாவதும் போக, நடுவில் மிஞ்சுவதற்குள் அடங்குவதை மட்டும் எழுதுங்கள். மின்கடத்திகளும் கடத்தாப் பொருள்களும் அடுத்த பாடவேளைக்குப் போகட்டும்.

சென்ற ஆண்டு ரெக்கார்டைப் பார்ப்பதில் பிழையில்லை. படிவம் பழக அது உதவும். எதிர்பார்க்கப்படும் விடை என்ற கட்டத்தை மட்டும் அதிலிருந்து எடுக்காதீர்கள். அங்கே சரியான விடையின் கீழே, பிள்ளைகள் சொல்லக்கூடிய வேறு இரண்டு விடைகளையும், அவை வந்தால் நீங்கள் கேட்கப்போகும் அடுத்த கேள்வியையும் எழுதுங்கள். ‘ஒன்று போதும்’ என்று யாராவது சொன்னால், ‘எங்கே பார்த்தாய்?’ என்பது போதுமான கேள்வி.

மின்கலங்கள் 1.5 வோல்ட்டாக இருக்கட்டும். எல்.இ.டி. விளக்கு அதில் எரியாது. இழை பல்பைத் தேடி வாங்குங்கள், இப்போது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. 2.5 வோல்ட் பல்பு ஒரே மின்கலத்தில் மங்கலாகத்தான் எரியும் என்பதால், வகுப்பறையில் எந்த ஜன்னல்களைச் சாத்த முடியும் என்று முந்தைய நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.