முதலில் உயில் எழுதக் கற்றுக்கொள்ளட்டும்

அம்மா, உங்கள் கவலை புரிகிறது. அமெரிக்காவில் சட்டப் பேராசிரியராகி, கிறிஸ்தவ நம்பிக்கையையும் வழக்கறிஞர் அறநெறியையும் சேர்த்து ஆராயப் போகிறேன் என்கிறாள் மகள். "இதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்கிறீர்கள். வேலைதான். ஆனால் அதற்கென்று தனி வாசல் கிடையாது, சட்டத்தின் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

தாமஸ் ஷாஃபரைப் பாருங்கள். இண்டியானாபொலிஸில் வழக்கறிஞராக இருந்துவிட்டு 1963-இல் நோட்டர் டேம் சட்டப் பள்ளியில் ஆசிரியரானார். 1971 முதல் 1975 வரை அங்கே டீன். அவருடைய பாடம் உயிலும் சொத்தும். உயில் எழுத வருகிறவர் சாவைப் பற்றிப் பேசுவார், பிள்ளைகள் மேலுள்ள மனத்தாங்கலைப் பற்றிப் பேசுவார். கோபத்தில் ஒரு மகனுக்கு ஒன்றுமே வேண்டாம் என்பார். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் சட்டம் அதைத் தடுக்காது. வந்தவர் சொன்னபடி வழக்கறிஞர் எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்துவிடலாமா, அல்லது "கொஞ்சம் யோசியுங்கள்" என்று சொல்வது அவர் கடமையா? இப்படிப்பட்ட கட்சிக்காரர்களின் உலகத்தை அறிந்தவர்தான், கிறிஸ்தவராகவும் வழக்கறிஞராகவும் இருப்பது பற்றி 1981-இல் ஒரு நூல் எழுதினார். பின்னாளில் மாணவர்களோடு சட்ட உதவி மையத்தில் ஏழைகளின் வழக்குகளையும் பார்த்தார். நம்பிக்கையை அவர் வழக்குக் கட்டுகளுக்கு நடுவே வைத்துப் பார்த்தார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இது ஏதோ ஓரத்துக் கேள்வியும் இல்லை. அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி நடத்தை விதிகளில் 2.1-ஆவது விதி, கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்லும்போது அறம் சார்ந்த விஷயங்களையும் எடுத்துச் சொல்லலாம் என்கிறது. தொழில் அறநெறிப் பாடம் அங்கே சட்ட மாணவர்கள் எல்லோருக்கும் கட்டாயம். அதை நடத்த ஆசிரியர்கள் எப்போதும் வேண்டும்.

சரி, பாதை எப்படி? ஏதாவது ஒரு பட்டப்படிப்பு, நுழைவுத் தேர்வு, பிறகு மூன்று ஆண்டு ஜே.டி. என்ற சட்டப் பட்டம். எமரி பல்கலைக்கழகம் போன்ற சில இடங்களில் இறையியலையும் சேர்த்துப் படிக்கலாம். அப்புறம் நீதிபதியிடம் உதவியாளர் பணியோ வழக்கறிஞர் தொழிலோ, கூடவே ஆய்வுக் கட்டுரைகள். ஆசிரியர் இடங்கள் குறைவு, போட்டி கடுமை. செலவும் பெரிது, உதவித்தொகை உறுதியாகாமல் கடனில் இறங்காதீர்கள்.

அவள் நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். உயில், ஒப்பந்தம் மாதிரி எந்தச் சட்டப் பள்ளிக்கும் தேவைப்படும் ஒரு பாடத்தில் தேர்ச்சி பெறச் சொல்லுங்கள். இந்த விடுமுறையில் ஒரு சட்ட உதவி மையத்தில் உட்கார்ந்து, வருகிறவர்கள் சொல்வதைக் கேட்கட்டும். அதற்குப் பிறகும் இதே ஆசை இருந்தால், அவளையே என்னிடம் எழுதச் சொல்லுங்கள், கல்லூரிகளைச் சேர்ந்து பார்ப்போம்.