"எவ்வளவு தருவீங்க?" என்று கேட்கும் பையன்

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. ஒரு கதைப்புத்தகம் முடித்தால் 20 ரூபாய், கணக்கில் சதம் அடித்தால் 100 ரூபாய் என்று அவன் அப்பா கொடுக்க ஆரம்பித்தார். முன்பெல்லாம் தானாகவே புத்தகத்தோடு மூலையில் உட்காருபவன், இப்போது காசு பேசாமல் தொடுவதே இல்லை. பாட்டிக்குத் தண்ணீர் கொண்டுபோகச் சொன்னாலும் "எவ்வளவு தருவீங்க?" என்கிறான். பிள்ளையைக் கெடுத்துவிட்டோமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: பயப்படாதீர்கள் சகோதரி, பிள்ளை கெட்டுப்போகவில்லை. எதற்குக் காசு வரும் என்று நீங்கள் காட்டியதை அவன் நன்றாகவே பிடித்துக்கொண்டான்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் மார்க் லெப்பரும் சக ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வு ஒன்று 1973-ல் வெளிவந்தது. படம் வரைய ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகள். சிலரிடம் "வரைந்தால் சான்றிதழ்" என்று முன்பே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றுமே இல்லை. ஓரிரு வாரம் கழித்து, இஷ்டம்போல் விளையாடும் நேரத்தில் கவனித்தார்கள். முன்பே பேசிவைத்த குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறையப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை. உங்கள் மகனின் புத்தக ஆசைக்கு நேர்ந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன்.

அதற்காகக் காசு கொடுப்பதே தப்பு என்று சொல்லமாட்டேன். பொருளியலாளர் ரோலண்ட் ஃப்ரையர் அமெரிக்கப் பள்ளிகளில் இதைச் சோதித்துப் பார்த்தார். நியூயார்க்கில் தேர்வு மதிப்பெண்ணுக்குப் பணம் கொடுத்தும் மதிப்பெண் ஏறவில்லை. பிள்ளைகளுக்கு ஆசை இருந்தது, அதை எப்படி எட்டுவது என்றுதான் தெரியவில்லை. டாலஸில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புத்தகம் ஒன்றுக்கு 2 டாலர் கொடுத்தார்கள். அங்கே வாசித்துப் புரிந்துகொள்வது ஓரளவு கூடியது. புத்தகத்தை எடுத்துப் படிப்பது பிள்ளையின் கையில் இருக்கிற வேலை. மதிப்பெண் அப்படியல்ல.

அதனால் கணக்குக்கு அந்த 100 ரூபாயை விட்டுவிடுங்கள். வாய்ப்பாடு அவனுக்குக் கசக்கிறது என்றால், தினம் கொஞ்ச நேரம் உட்கார்ந்து போட்டதற்கு ஒரு சின்னப் பரிசு இருக்கட்டும், பழகியதும் குறைத்துக்கொள்ளலாம். கதைப்புத்தகம் அவனுக்கு ஏற்கெனவே பிடித்தது, அதற்குக் காசு வேண்டவே வேண்டாம். படித்த கதையை உங்களிடம் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், என்றாவது சொல்லாமல் ஒரு புதுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். பாட்டிக்குத் தண்ணீர் கொடுப்பது வீட்டில் எல்லோரும் செய்வது, அதற்கு விலை கிடையாது என்று அவன் அப்பாவே அவனிடம் சொல்லட்டும். பேரத்தை ஆரம்பித்தவர் அவர்தானே.

ஒன்று மட்டும், காசை நிறுத்திய மறுநாளே பழைய பையனை எதிர்பார்க்காதீர்கள். இஸ்ரேலின் ஹைஃபாவில் குழந்தைகள் காப்பகங்களில், பிள்ளையைக் கூட்டிப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டார்கள். காசு கட்டியாயிற்றே என்று தாமதம் இன்னும் கூடியது. அபராதத்தை எடுத்த பிறகும் அது பழைய நிலைக்கு இறங்கவில்லை. பெரியவர்களுக்கே அப்படி. உங்கள் மகன் சில வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான், புத்தகப் பக்கமே போகமாட்டான். அப்போது மனசு இளகி மறுபடி 20 ரூபாயை நீட்டிவிடாதீர்கள். அந்த நேரத்தில் நீங்களும் அவரும் ஆளுக்கொரு புத்தகத்தோடு அவன் பக்கத்தில் உட்காருங்கள்.