'கொஞ்சம் இளைத்துவிட்டு வரட்டுமா?': வலுப்பயிற்சி பற்றி மலையிலிருந்து வந்த கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, எத்தனை மாதத்தில் எத்தனை கிலோ குறையும் என்றுதான் தொடங்கின. என் வகுப்பில் எடை மிஷின் கிடையாது. இடுப்பளவு எடுப்பதும் இல்லை, 'முன்–பின்' போட்டோவும் இல்லை. போன மாதம் தூக்க முடியாததை இந்த மாதம் தூக்க முடிகிறதா என்று பார்ப்போம், அவ்வளவுதான். பதில்களும் அந்தக் கணக்கில்தான் இருக்கும்.

ஜிம்மில் சேர ஆசை. ஆனால் 90 கிலோ இருக்கிறேன். எல்லோரும் பார்ப்பார்களே என்று கூச்சம். முதலில் வீட்டிலேயே கொஞ்சம் இளைத்துவிட்டுச் சேரட்டுமா?
(ஆசிரியை, 43, கோத்தகிரி)

வேண்டாம், இப்படியே வாருங்கள். 90 கிலோ உடம்பை நாள் முழுக்கச் சுமந்துகொண்டு வகுப்பறைக்கும் வீட்டுக்கும் ஏறி இறங்குகிறீர்கள். உங்கள் தொடையிலும் கெண்டைக்காலிலும் ஏற்கெனவே நல்ல வலு இருக்கும். அதை ஒரு ஒழுங்குக்குக் கொண்டுவருவதுதான் பாக்கி.

சேரும் முன் பயிற்சியாளரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். "முதல் நாளே எடை பார்ப்பீர்களா?" "உணவுக் கட்டுப்பாடு கட்டாயமா?" இரண்டுக்கும் ஆமாம் என்றால் வேறு இடம் பாருங்கள். அங்கே சொல்லித்தர மாட்டார்கள் என்பதில்லை. ஆனால் உங்களை விரட்டிவிடுவார்கள்.

பெரிய உடம்புக்குச் சில நுணுக்கங்கள் உண்டு, பலர் சொல்வதில்லை. ஸ்குவாட் (குந்தி எழுவது) செய்யும்போது கால்களை நன்றாக அகட்டி, பாதங்களைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி நில்லுங்கள். வயிறு இறங்க இடம் வேண்டும். தரையிலிருந்து கம்பியைத் தூக்கக் கஷ்டமாக இருந்தால் கட்டை வைத்து உயர்த்திக்கொள்ளலாம், அது ஏமாற்று வேலை அல்ல. தொடை உரசினால் வேஸ்லின் தடவுங்கள், அல்லது சுடிதாருக்குள் முட்டி வரைக்கும் ஷார்ட்ஸ் போடுங்கள். பெஞ்சு எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

வாரத்தில் இரண்டு நாள் போதும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் தண்டால், குனிந்து ஒரு எடையைத் தூக்குவது, அதைப் பிடித்துக்கொண்டு நடப்பது. ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். எடை குறையுமா? குறையலாம், குறையாமலும் இருக்கலாம். குறையாவிட்டாலும் சர்க்கரைக் கட்டுப்பாட்டுக்கும் மூட்டுக்கும் இந்தப் பயிற்சி உதவும்.

காலையிலிருந்து சாயங்காலம் வரை கொழுந்து பறித்து மூட்டை சுமக்கிறேன். என் மகள் 'நீயும் எக்சர்சைஸ் பண்ணும்மா' என்கிறாள். எனக்கு எதற்கு?
(தோட்டத் தொழிலாளி, 48, குன்னூர் பக்கம்)

அக்கா, உங்கள் மகள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறாள். ஆனால் 'இன்னும் உழையுங்கள்' என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது. உங்களுக்கு முதலில் வேண்டியது ஓய்வு, தூக்கம், வயிறார முட்டையோ பருப்போ.

ஆனாலும் ஒன்று. வேலை தருகிற வலு ஒருபக்க வலு. கை எப்போதும் முன்னால் நீண்டே இருக்கிறது, கழுத்து குனிந்தே இருக்கிறது, சுமை பெரும்பாலும் ஒரே விதமாக ஏறுகிறது. எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறோமோ அது மட்டும் பழகுகிறது. தோள்பட்டைக்கு நடுவே இருக்கிற தசைகளும் புட்டத் தசைகளும் சும்மாவே கிடக்கின்றன. மாலையில் நடு முதுகு எரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே பத்து நிமிடம், வாரத்தில் இரண்டே நாள், எதிர்த்திசை வேலை மட்டும். ஜன்னல் கம்பியில் ஒரு பழைய துண்டைக் கோத்து, இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு சற்றுப் பின்னால் சாய்ந்து, முழங்கை பின்னால் போகும்படி உடம்பைக் கம்பிப் பக்கம் இழுங்கள், 10 தடவை. (கம்பி உறுதியாக இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.) அப்புறம் மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, இடுப்பை மேலே தூக்கி மூன்று எண்ணும் வரை நிறுத்துங்கள், அதுவும் 10. கொழுந்து மலிந்து வருகிற வாரங்களில் இதையும் விட்டுவிடுங்கள், ஒன்றும் ஆகாது. மரத்துப்போவது, கையில் கரண்ட் அடிப்பது போன்ற வலி இருந்தால் மட்டும் பயிற்சி வேண்டாம், டாக்டரிடம் போங்கள்.

பெட்ஃபோர்டுக்கு ஏறும்போது முட்டி வலிக்கவில்லை. கீழே பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கும்போதுதான் வலி. தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?
(52, குன்னூர்)

ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முட்டி வாங்கும். மலைக்காரர்கள் எல்லோருக்கும் இது தெரியும். இறங்கும்போது முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. பிரேக் போடுகிற வேலை அது. பிரேக் பலவீனமாக இருந்தால் பாரம் முட்டிச்சில்லின் மேல் விழும். ஆகவே பழக்க வேண்டியதும் இறங்குவதைத்தான்.

வீட்டு வாசலின் கடைசிப் படியில் ஒரு காலில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, மறுகாலின் குதிகால் தரையைத் தொடும் வரை மூன்று எண்ணி மெல்ல இறங்குங்கள். பக்கத்துக்கு 8 தடவை, இரண்டு சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். லேசான வலி இருக்கலாம். மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் சரி, அடங்காவிட்டால் படியின் உயரத்தைக் குறையுங்கள். சரிவில் நேராக இறங்காமல் வளைந்து இறங்குங்கள். கைத்தடி வைத்துக்கொள்வதில் என்ன வெட்கம்? முட்டி வீங்கினாலோ, மடங்கி மாட்டிக்கொண்டாலோ, திடீரென்று நழுவினாலோ இதெல்லாம் வேண்டாம், காட்டிவிடுங்கள்.

அம்மாவுக்கு 78 வயது. வீட்டில் ஒரு தடவை விழுந்துவிட்டார். இந்த வயதில் எடை தூக்கலாமா?
(ஊட்டி)

தூக்கலாம். 1990-இல் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரை உள்ளவர்களுக்கு எட்டு வாரம் கால் வலுப்பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முடிவில் அவர்களின் கால் வலு சராசரியாக இரண்டரை மடங்குக்கும் மேலாகியிருந்தது. 65 தாண்டியவர்கள் சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சியை வாரத்தில் மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்.

விழுந்தவர் என்பதால் முதலில் டாக்டரிடம் எலும்பு, ரத்த அழுத்தம், மாத்திரைகள் மூன்றையும் பார்த்துவிடுங்கள். பிறகு சமையல் மேடையைப் பிடித்துக் குதிகால் உயர்த்துவது, நாற்காலியிலிருந்து எழுவது. எழும்போது மூச்சை அடக்கக் கூடாது, வெளியே விட வேண்டும். இன்னொன்று: ஊட்டிக் குளிருக்குக் கம்பளி சாக்ஸோடு டைல்ஸ் தரையில் நடக்க விடாதீர்கள். வழுக்காத ரப்பர் அடி செருப்பு வாங்கிக் கொடுங்கள்.

எடை தூக்கினால் ஆம்பளை மாதிரி ஆகிவிடுவாய் என்கிறார் மாமியார். இதெல்லாம் வெளிநாட்டு மோகமாம்.
(29, கூடலூர்)

பெண் உடம்பில் டெஸ்டோஸ்டீரோன் என்கிற ஆண் ஹார்மோன் மிகக் குறைவு. வாரம் இரண்டு நாள் பயிற்சியில் அப்படியெல்லாம் ஆகிவிடாது. அப்படி ஆக விரும்பி உழைக்கிற பெண்களும் இருக்கிறார்கள், அது அவர்கள் இஷ்டம். மோகம் என்கிறாரே, நீலகிரித் தோடர்களின் மந்துகளில் (குடியிருப்புகளில்) உருண்டைக் கல்லைத் தூக்கிக் காட்டுவது பழைய வழக்கம். தெற்கே இளவட்டக்கல். தூக்கியவர்கள் ஆண்கள், அதனால் அது வீரம் ஆயிற்று. விறகும் தண்ணீரும் சுமந்த பெண்களுக்கு யார் கல் நட்டார்கள்?

ஹெல்த் கேம்பில் பி.எம்.ஐ. 27 என்று எழுதிச் சிவப்பு வட்டம் போட்டுக் கொடுத்தார்கள். நன்றாகத்தான் நடக்கிறேன், தூக்குகிறேன். பயப்பட வேண்டுமா?
(36, வெலிங்டன்)

பி.எம்.ஐ. என்பது எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண். 1830-களில் பெல்ஜியத்துக் கணித அறிஞர் கெட்டலே மக்கள்தொகையின் சராசரியைப் பார்க்கப் போட்ட கணக்கு அது. தசை எது, கொழுப்பு எது என்று அதற்குத் தெரியாது. அதற்காக அந்தத் தாளைக் கிழித்தும் போடாதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு மூன்றையும் பரிசோதியுங்கள். நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுகிறது. அந்த எண்கள் சரியாக இருந்தால் சிவப்பு வட்டத்துக்காக ஒருவேளைச் சாப்பாட்டைக்கூட விட வேண்டாம்.

குதிக்கும்போதும் எடை தூக்கும்போதும் சில சொட்டு சிறுநீர் கசிகிறது. இரண்டு பிரசவம். யாரிடமும் சொன்னதில்லை.
(34, ஊர் வேண்டாம்)

சொன்னது நல்லது. பிரசவமான பெண்களில் நிறையப் பேருக்கு உண்டு, பெரும்பாலும் சரியாகும். சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்பின் அடித்தளத் தசையை உள்ளிழுத்து விடுங்கள்: ஒரு தடவைக்கு 8, நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். தூக்குவதற்குச் சற்று முன் அதை இறுக்கி, மூச்சை விட்டபடி தூக்குங்கள். குதிப்பதை மட்டும் இப்போதைக்கு நிறுத்தலாம், தூக்கும் எடையைக் குறைத்துக்கொண்டு பயிற்சியைத் தொடரலாம். கசிவு குறையாவிட்டால் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லி ஃபிசியோதெரபிக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

டம்பெல் இல்லை. கேஸ் சிலிண்டரை வைத்துப் பழகலாமா?
(19, கல்லூரி மாணவர், அருவங்காடு)

தம்பி, நிறைந்த சிலிண்டர் ஏறக்குறைய 30 கிலோ. காலில் விழுந்தால் விரல் போகும். பத்து லிட்டர் பக்கெட்டில் தண்ணீர் பிடி, 10 கிலோ. அது லேசானதும் பழைய பையில் மணல் கட்டு.